டை-அப் ஆஃபரில் காசு யார் பைக்குப் போகிறது?

கேள்வி இது: சினிமா, கார்ட்டூன், அனிமே என்று ஏதாவது ஒன்றோடு டை-அப் வைத்துக்கொண்டு கன்வீனியன்ஸ் ஸ்டோர் நிறுவனங்கள் மாதாமாதம் ஆஃபர் போடுகின்றனவே, இதில் உண்மையிலேயே லாபம் உண்டா, இல்லை வெறும் விளம்பரச் செலவுதானா?

லாபம் உண்டு. ஆனால் யாருக்கு என்று சேர்த்துக் கேட்டால்தான் பதில் முழுதாக வரும். இந்த வியாபாரத்தில் நான்கு பைகள் இருக்கின்றன: கதாபாத்திரத்தின் உரிமையை வைத்திருப்பவர், சாக்லேட்டோ பானமோ தயாரிக்கும் கம்பெனி, கடைச் சங்கிலியின் தலைமையகம், ஃபிரான்சைஸ் எடுத்துக் கடையை நடத்துபவர். ஒரே ஆஃபர் முதல் மூன்று பைகளை நிரப்பிவிட்டு நான்காவது பையில் ஓட்டை போடலாம். பெரும்பாலான ‘மாபெரும் வெற்றி’ச் செய்திகள் முதல் மூவரில் யாரோ ஒருவர் வெளியிட்டவை.

அதிகம் பேசப்படும் உதாரணத்திலிருந்து தொடங்கலாம். ‘தி சிம்ப்சன்ஸ் மூவி’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் படம் 2007 ஜூலை 27 அன்று வெளியானது. அதற்குச் சில வாரங்கள் முன்பே செவன்-இலெவன் என்ற கன்வீனியன்ஸ் ஸ்டோர் சங்கிலி தன் 12 கடைகளை, அமெரிக்காவில் 11, கனடாவில் 1, அந்தக் கார்ட்டூனில் வரும் ‘க்விக்-ஈ-மார்ட்’ கடையாகவே மாற்றியது. பெயர்ப்பலகை, சுவர் நிறம், உள்ளே ஒட்டிய நக்கல் வாசகங்கள் எல்லாம் கார்ட்டூனிலிருந்து வந்தவை. கதையில் மட்டுமே இருந்த பஸ் கோலா, க்ரஸ்டி-ஓஸ் சீரியல், இளஞ்சிவப்பு டோனட் ஆகியவை நிஜமாகவே தயாரிக்கப்பட்டன. ஸ்லர்பீ என்ற ஐஸ் பானத்துக்கு ‘ஸ்க்விஷீ’ என்று பெயர் மாறியது. கார்ட்டூனில் எல்லாரும் குடிக்கும் டஃப் பீரை மட்டும் விற்கவில்லை. குழந்தைகளும் பார்க்கிற படத்துக்கு பீர் விளம்பரம் பொருந்தாது என்று விட்டுவிட்டார்கள்.

மாற்றிய கடைகளில் லாபம் 30% அளவுக்குக் கூடியதாகச் செய்தி வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அப்போது வட அமெரிக்காவில் அந்த நிறுவனத்துக்கு 6,000க்கும் மேல் கடைகள். பன்னிரண்டு கடை என்பது மொத்தத்தில் 0.2%. எல்லாக் கடையும் ஒரே அளவு என்று வைத்துக்கொண்டால், அந்த 30% உயர்வு நிறுவனம் முழுமைக்கும் 0.06% கூடுதல், அதுவும் ஒரு மாதத்துக்கு. முகப்பைக் கழற்றி மாட்டுவதற்கும், மறுபடி பழையபடி ஆக்குவதற்கும் ஆகும் செலவைக்கூட அது மூடாது. அந்தப் பன்னிரண்டு கடைகள் விற்பனைக்காக இருந்தவை அல்ல. தொலைக்காட்சியும் பத்திரிகையும் இலவசமாகப் படம்பிடிக்க வேண்டும் என்பதற்காக டல்லஸ், சியாட்டில், நியூயார்க், பர்பேங்க் என்று இடம் பார்த்து வைத்த காட்சிப் பொருள்கள். விற்பனை நடந்தது மற்ற ஆயிரக்கணக்கான சாதாரணக் கடைகளில். அங்கே முகப்பு மாறவில்லை, கப்பும் கோலாவும் டோனட்டும் மட்டும் வந்தன.

இங்கே ஒரு சின்ன விலகல். அந்தக் கார்ட்டூன் கடையின் முதலாளி அப்பு ஓர் இந்தியக் கேலிச்சித்திரம். அமெரிக்காவில் செவன்-இலெவன் ஃபிரான்சைஸ் எடுத்திருப்பவர்களில் தெற்காசிய வம்சாவளியினர் கணிசம். தன் சொந்தக் கடைக்காரர்களையே கிண்டல் செய்யும் படத்துக்கே கடையைக் கொடுத்த நிறுவனம் என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. அப்புவுக்குக் குரல் கொடுத்த ஹேங்க் அசாரியா 2020இல் அதை நிறுத்திக்கொண்டார். இதே டை-அப்பை இன்று ஒருவர் முன்மொழிந்தால் முதல் கூட்டத்தையே தாண்டாது. பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘இது எங்கள் கல்லாவில் நிற்பவரை எப்படிக் காட்டுகிறது’ என்ற கேள்வியை விளம்பரத் துறை கேட்பதே இல்லை. கேட்க வேண்டியது ஃபிரான்சைஸ் துறை.

சரி, அன்றாட டை-அப்புக்கு வருவோம். இதை ஒரு தொழிற்சாலை போல நடத்துவது ஜப்பான். அங்கே கொன்பினி என்று அழைக்கப்படும் இக்கடைகள் 55,000க்கும் மேல். ஒரு கடையின் விற்பனைப் பரப்பு சுமார் நூறு சதுர மீட்டர், அதற்குள் ஏறத்தாழ 3,000 வகைப் பொருள்கள். இந்த நெருக்கடியில் ஒரு டை-அப் பொருளை வைத்தால், வேறு ஏதோ ஒன்றை எடுத்தாக வேண்டும். அந்த ‘வேறு ஏதோ ஒன்று’ தந்துகொண்டிருந்த லாபத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அதனால்தான் அங்கே அதிகம் ஓடும் டை-அப் வடிவம் கிளியர் ஃபைல். ஏ4 அளவில், அனிமே படம் அச்சிட்ட பிளாஸ்டிக் உறை. ‘குறிப்பிட்ட சாக்லேட், சூயிங்கம் வகைகளில் ஏதாவது இரண்டோ மூன்றோ வாங்கினால் ஒன்று இலவசம்’ என்பது வழக்கமான விதி. பார்க்க அற்பமாக இருக்கும், ஆனால் யோசித்துச் செய்த அற்பம். தட்டையாக இருப்பதால் இடம் அடைக்காது. கெட்டுப்போகாது. உடையாது. ஆறேழு வடிவம் போட்டால் ரசிகர் எல்லாவற்றையும் சேர்க்கப் பார்ப்பார். செலவின் பெரும்பகுதியைப் பெரும்பாலும் சாக்லேட் கம்பெனிதான் ஏற்கும், ஏனென்றால் போட்டிக் கம்பெனியின் அலமாரி இடத்தை இரண்டு வாரத்துக்குப் பிடிப்பது அதற்கு லாபம்.

சட்டமும் இந்த வடிவத்தை நோக்கித் தள்ளுகிறது. ஜப்பானில் வாங்கும் எல்லாருக்கும் கொடுக்கும் இலவசப் பொருளுக்கு வரம்பு உண்டு: 1,000 யென்னுக்குக் குறைவாக வாங்கினால் 200 யென் மதிப்பு வரை, 1,000 யென்னும் அதற்கு மேலும் என்றால் வாங்கிய தொகையில் 20% வரை. (2007 வரை இது 100 யென், 10% என்றுதான் இருந்தது.) குலுக்கல் என்றால் வேறு கணக்கு: பரிசு வாங்கிய தொகையைப் போல் 20 மடங்கு வரை, உச்சம் 1 லட்சம் யென், மொத்தப் பரிசுத் தொகை எதிர்பார்க்கும் விற்பனையில் 2%ஐத் தாண்டக்கூடாது. முந்நூறு யென்னுக்கு சாக்லேட் வாங்குகிறவருக்குச் சட்டப்படி நல்ல பொம்மை ஒன்றைச் சும்மா கொடுக்கவே முடியாது. எனவே பிளாஸ்டிக் உறை.

இப்போது ஒரு கடையின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்தவை, விகிதங்கள் நடைமுறைக்கு நெருக்கமானவை.

ஆஃபரில் உள்ள சாக்லேட் வகைகள் சாதாரண வாரத்தில் 200 விற்கின்றன. விலை 150 யென், மொத்த லாபம் 30%, அதாவது ஒன்றுக்கு 45 யென். வார லாபம் 9,000. ஆஃபர் வாரத்தில் 380 விற்றது, லாபம் 17,100. தலைமையகத்தின் அறிக்கையில் ‘விற்பனை 90% உயர்வு’ என்று வரும். கூடுதல் லாபம் 8,100 யென்.

இனி கழிக்க வேண்டியவை. எப்படியும் வேறு சாக்லேட் வாங்கியிருக்கக்கூடிய 60 பேர் உறைக்காக இதற்கு மாறினார்கள்: 2,700 போயிற்று. வாங்கிக் குவித்தவர்கள் அடுத்த இரண்டு வாரம் வாங்கவில்லை, வாரத்துக்கு 30 குறைந்தது: இன்னொரு 2,700. மீதம் 2,700. ஆஃபருக்காகவே வந்த 40 பேர் கூடவே ஒரு காபியோ சாப்பாடோ என்று தலா 400 யென்னுக்கு வாங்கினார்கள், அதில் லாபம் தலா 120, ஆக 4,800. மொத்தக் கூடுதல் லாபம் 7,500 யென்.

இதுவரை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கொன்பினி ஒப்பந்தப்படி மொத்த லாபத்தில் பெரும்பங்கு தலைமையகத்துக்குப் போகும். கணக்குக்காகப் பாதி என்று வைத்தால் கடைக்காரருக்கு 3,750. காட்சி அடுக்க, அட்டை ஒட்ட, வரிசையைச் சமாளிக்க, ‘இன்னும் இருக்கிறதா’ என்று வரும் போனுக்குப் பதில் சொல்ல, முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்ற என்று நான்கு மணி நேரக் கூலி, மணிக்கு 1,100 வீதம் 4,400. கூலி முழுவதும் கடைக்காரர் தலையில். அவர் நிலை 650 யென் நஷ்டம். தலைமையகம் அதே ஆஃபரில் 3,750 லாபம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, பங்கு பிரிக்கிற இடமே அப்படி. லாபத்தைப் பங்கு போட்ட பிறகுதான் கூலி கழிக்கப்படுகிறது.

ஆனால் அந்த 40 பேர் 80 பேர் ஆகியிருந்தால் கடைக்காரரும் தப்பித்திருப்பார் என்பதைக் கவனியுங்கள். டை-அப்பின் வெற்றி ஆஃபர் பொருள் எத்தனை விற்றது என்பதில் இல்லை. புதிதாக உள்ளே வந்தவர்கள் எத்தனை, அவர்கள் கூடவே என்ன எடுத்தார்கள் என்பதில்தான். ரசிகர் காலை ஏழு மணிக்கு வந்து, சரியாக இரண்டு சாக்லேட்டை எடுத்து, உறையை வாங்கி, ஐந்து கடை தாண்டி அடுத்த கிளைக்கு ஓடுகிறார் என்றால் அவரால் கடைக்குப் பயன் இல்லை.

கெட்டுப்போகும் பொருளில் டை-அப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். இங்கே கழிவுக் கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். பத்து சோற்றுருண்டையை 70 யென்னுக்கு வாங்கி 100 யென்னுக்கு விற்கிறார், எட்டு விற்றது, இரண்டு குப்பைக்குப் போனது. நம் ஊர் மளிகைக் கணக்கில் வரவு 800, செலவு 700, லாபம் 100. கொன்பினி கணக்கில் விற்ற எட்டின் அடக்கவிலை 560ஐ மட்டும் கழிப்பார்கள், லாபம் 240. அதில் பாதி 120 தலைமையகத்துக்கு. மீதி 120இலிருந்து குப்பைக்குப் போன இரண்டின் விலை 140ஐக் கடைக்காரர் கட்டுகிறார். அவருக்கு 20 நஷ்டம். செவன்-இலெவன் ஜப்பான், நேரம் நெருங்கிய உணவை விலை குறைத்து விற்பதைத் தடுத்தது என்று 2009 ஜூனில் அந்நாட்டு நியாய வர்த்தக ஆணையம் உத்தரவு போட்டது. அதன் பிறகு கழிவில் 15%ஐத் தலைமையகம் ஏற்றுக்கொண்டது. நம் உதாரணத்தில் அது 21 யென். கடைக்காரர் கையில் ஒரே ஒரு யென் நிற்கும்.

ஆகவே, ‘படம் வருகிறது, பாத்திரத்தின் முகம் போட்ட ரொட்டியை இருபது கூடுதலாக எடுங்கள்’ என்று தலைமையகத்தின் மேற்பார்வையாளர் சொன்னால், அந்த இருபதும் விற்காவிட்டால் நஷ்டம் யாருக்கு என்பது வெளிப்படை. ஜப்பானில் பிப்ரவரித் தொடக்கத்தில் வரும் செட்சுபுன் நாளுக்கான எஹோமாகி சுஷி உருளை இதற்குப் பெயர்போனது. அதுவும் ஒருவகை டை-அப்தான், சினிமாவுக்குப் பதில் பண்டிகை. ஒரே நாளில் விற்றாக வேண்டிய பண்டம் மலையாகத் தேங்கிக் குப்பைக்குப் போகும் படங்கள் பரவி, 2019 ஜனவரியில் வேளாண் அமைச்சகமே ‘தேவைக்கு ஏற்ப விற்கவும்’ என்று வணிகர்களைக் கேட்டுக்கொண்டது.

அதே ஆண்டு ஃபேமிலிமார்ட் என்ற இன்னொரு கொன்பினிச் சங்கிலி செய்தது இந்தத் தலைப்பில் நான் எப்போதும் முதலில் காட்டுகிற உதாரணம். கோடைகால விலாங்கு மீன் சாப்பாட்டை முழுக்க முன்பதிவுக்கு மாற்றினார்கள். விற்பனை முந்தைய ஆண்டைவிடச் சுமார் 20% விழுந்தது. கழிவு சுமார் 80% விழுந்தது. கடைகளின் லாபம் சுமார் 70% உயர்ந்தது. விற்பனை குறைந்து லாபம் ஏறிய டை-அப்! விற்றுமுதலை வைத்து மட்டும் மார்க் போடும் தலைமையகத்தில் இந்த யோசனை மேசையைத் தாண்டியிருக்காது.

குலுக்கல் வகைக்கும் தனிச் சிக்கல் உண்டு. ‘இச்சிபான் குஜி’ என்று ஒன்று. வெறும் சீட்டே கிடையாது, ஒவ்வொரு சீட்டுக்கும் ஏதோ ஒரு பரிசு. ‘ஏ’ பரிசு பெரிய பொம்மை, கடைசி எழுத்துகள் சாவிக்கொத்து, துண்டு போன்றவை. கடை ஒரு செட்டை, பொதுவாக எழுபது எண்பது சீட்டு, மொத்தமாக வாங்கி வைக்கும். சீட்டு 750 யென், 80 சீட்டு என்றால் ஒரு செட் 60,000 யென் விற்பனை. எந்தப் பரிசு இன்னும் மிச்சம் என்று பலகையில் எழுதி வைப்பார்கள். இங்கேதான் வில்லங்கம்: ஏ, பி பரிசுகள் முதல் முப்பது சீட்டுக்குள் போய்விட்டால் மிச்ச ஐம்பது சீட்டு அப்படியே நிற்கும். துண்டுக்காக 750 யென் கொடுக்க யார் வருவார்? இதைச் சரிக்கட்டத்தான் கடைசிச் சீட்டை எடுப்பவருக்கு ‘லாஸ்ட் ஒன்’ என்று தனிப் பரிசு வைத்தார்கள். மிச்சம் பத்துப் பதினைந்து ஆனதும் ஒரு ரசிகர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார். ஆனால் ஐம்பதிலிருந்து பதினைந்து வரை வரும் நடுப்பகுதிக்கு இந்த மருந்து வேலை செய்யாது, அந்தக் கடைக்காரர் மாட்டிக்கொள்கிறார். இந்த வகை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே: இரண்டு செட் எடுத்தால் ஒன்றை முழுக்க முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் இரண்டிலும் வால் தேங்கும்.

கூட்டம் அளவுக்கு மீறி வந்தாலும் நஷ்டம்தான். 2010 ஏப்ரலில், ‘இவாஞ்சலியன்’ அனிமேயின் கதை நடக்கும் ஊர் என்று ரசிகர்கள் கொண்டாடும் ஜப்பானின் ஹகோனேவில், லாசன் என்ற கொன்பினிச் சங்கிலி ஒரு கடையைக் கதையில் வரும் நகரத்தின் கிளை போலவே அலங்கரித்தது. பல வாரம் ஓட வேண்டிய அலங்காரம் சில நாள்களிலேயே அகற்றப்பட்டது. மலைச்சாலையில் கார்கள் நின்று போக்குவரத்து முடங்கி, அக்கம்பக்கத்தார் பொறுக்க முடியாமல் போனதுதான் காரணம். ஒற்றைக் கடை அலங்காரம் போடுகிறவர்கள் முதலில் அளக்க வேண்டியது வண்டி நிறுத்தும் இடத்தை. சிம்ப்சன்ஸ் ஆஃபரில் பன்னிரண்டு ஊர்களுக்குப் பிரித்ததன் புத்திசாலித்தனம் இங்கே தெரியும்.

தென்கொரியாவின் போகிமான் ரொட்டி இன்னொரு பாடம். எஸ்பிசி சாம்லிப் கம்பெனி 1990களின் இறுதியில் விற்ற ரொட்டியை 2022 பிப்ரவரியில் மறுபடி கொண்டுவந்தது. உள்ளே ஒட்டிப் பிய்க்கும் ஸ்டிக்கர், மொத்தம் 159 வகை. விலை 1,500 வோன் அளவில். சிறுவயதில் சேர்த்தவர்கள் இப்போது சம்பளம் வாங்குகிறவர்கள், நாடே வரிசையில் நின்றது. ஆனால் ஒரு கடைக்கு ஒரு நாளுக்கு வந்தது விரல்விட்டு எண்ணும் அளவுக்கே. லாரி வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு பின்தொடர்ந்து வந்தவர்கள் உண்டு; ரொட்டியை எறிந்துவிட்டு ஸ்டிக்கரை மட்டும் எடுத்துச் சென்றவர்கள் உண்டு. சில கடைக்காரர்கள் வேறு விலையுயர்ந்த பொருளோடு சேர்த்தால்தான் ரொட்டி என்று கட்டிவைத்து விற்று ஊர் திட்டை வாங்கினார்கள். கடைக்குக் கிடைத்தது இரண்டு மூன்று ரொட்டியின் லாபமும் நாள் முழுக்க ‘இல்லை, தீர்ந்துவிட்டது’ என்று சொல்லும் வேலையும்தான். பணம் தயாரிப்பாளருக்குப் போனது. அந்தத் தயாரிப்பாளருக்கும் அதே ஆண்டு அக்டோபரில் குழுமத் தொழிற்சாலையில் ஒரு தொழிலாளி இறந்ததால் புறக்கணிப்பு வந்து சேர்ந்தது என்பது வேறு விஷயம். கூட்டாளிக்கு வரும் கெட்ட பெயரும் உங்கள் அலமாரியில்தான் உட்கார்ந்திருக்கும்.

டை-அப்பில் சொந்தம் என்று எதுவும் மிஞ்சாது என்பதற்கும் கொரியாவே சாட்சி. சியூ கடைகள் 2020இல் கோம்ப்யோ கோதுமை பீரைக் கொண்டுவந்தன. கோம்ப்யோ என்பது தேஹான் மாவு ஆலையின் பழைய பிராண்டு, வெள்ளைக் கரடிப் படத்தோடு. பீரைக் காய்ச்சியது செவன் ப்ராய். அடுத்த ஆண்டு சியூவில் பெரிய கம்பெனி பீர்களையே முந்தி விற்றது. 2023இல் உரிம ஒப்பந்தம் முடிந்ததும் மாவு ஆலை அந்தப் பெயரை வேறொரு பீர் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டது. கரடி போனதும் செவன் ப்ராயின் விற்பனையும் போயிற்று. கடைக்கு ஒன்றும் ஆகவில்லை, அதே அலமாரியில் அதே கரடி, வேறு பீர். இடத்தை வைத்திருப்பவரும் பெயரை வைத்திருப்பவரும் தப்பிக்கிறார்கள், இடையில் காய்ச்சியவர் மாட்டுகிறார்.

ஆனால் தயாரிப்பாளருக்கு இது நன்றாக அமைந்த கதையும் உண்டு. 2020 அக்டோபரில் ஜப்பானின் டைடோ கம்பெனி தன் காபி டப்பாவில் ‘டீமன் ஸ்லேயர்’ அனிமேயின் பாத்திரங்களை அச்சிட்டது, 28 வடிவம். மூன்று வாரத்தில் 5 கோடி டப்பா விற்றது. உள்ளே அதே காபி, அதே தொழிற்சாலை, அதே லாரி, அதே விற்பனை இயந்திரம். மாறியது டப்பாவின் மேல் அச்சு மட்டும். இதுதான் டை-அப்பின் சிறந்த வடிவம்: எப்படியும் வாங்கப்போகிற, எப்படியும் அச்சடிக்கப்போகிற பொருளின் மேல் படத்தைப் போடுவது. விற்காவிட்டாலும் அது காபிதான், கெட்டுப்போகாது, அடுத்த மாதம் விற்கும். பானக் கப்பும் அப்படியே. அமெரிக்காவில் ஸ்லர்பீ கப்பில் பேஸ்பால் வீரர்கள், காமிக்ஸ் நாயகர்கள் என்று 1970களிலிருந்தே படம் போடுகிறார்கள். அது அரை நூற்றாண்டு தாண்டியும் ஓடக் காரணம் இந்தக் கணக்குத்தான். கூடவே இயந்திரத்திலிருந்து பிடித்து விற்கும் பானத்தில் லாப விகிதம் பாக்கெட் பண்டத்தைவிட அதிகம்.

சொந்தமாக ஒரு பாத்திரம் வளர்ப்பது இன்னொரு வழி. தைவான் செவன்-இலெவன் 2005இல் 77 தைவான் டாலருக்கு வாங்கினால் ஒரு ஹலோ கிட்டி காந்தம் என்று ஆஃபர் போட்டு நாட்டையே சேகரிக்க வைத்தது. அதே ஆண்டு ‘ஓபன் சான்’ என்ற தன் சொந்தப் பாத்திரத்தையும் அறிமுகப்படுத்தியது. சொந்தப் பாத்திரத்துக்கு ராயல்டி கிடையாது, ஒப்பந்தத் தேதி கிடையாது, அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் பிரபலமாக வருடங்கள் ஆகும். அதுவரை ஹலோ கிட்டி போன்றவர்களிடம் கடன் வாங்கித்தான் கூட்டம் சேர்க்க வேண்டும்.

இவ்வளவுக்கு வாங்கினால்தான் இலவசம் என்ற வரம்புத் தொகையைப் பற்றி ஒரு வார்த்தை. வழக்கமான பில் 65 என்றால் வரம்பை 77இல் வைப்பது புத்திசாலித்தனம் போலத் தோன்றும். கூடுதல் 12, அதில் 30% லாபம் என்றால் 3.60. காந்தத்தின் அடக்கவிலை 3.60க்கு மேல் என்றால், எப்படியும் வரப்போகிற வாடிக்கையாளரிடம் ஒவ்வொரு பில்லிலும் நஷ்டம். அடிக்கடி வரவைத்தால்தான் ஈடாகும். அதனால் ஆஃபர் காலத்தில் பார்க்க வேண்டியது சராசரி பில் அல்ல, ஒரே ஆள் வாரத்தில் எத்தனை முறை வந்தார் என்பது. பாயின்ட் கார்டு வைத்திருக்கும் நிறுவனம் இதை எளிதாகப் பார்க்கலாம். பல நிறுவனங்கள் பார்ப்பதில்லை.

உரிம ஒப்பந்தத்தில் மூன்று இடங்களில் கால் இடறும். ராயல்டி பெரும்பாலும் மொத்த விலையில் ஐந்திலிருந்து பத்துப் பன்னிரண்டு சதவீதம். அது பிரச்சினை இல்லை. பிரச்சினை குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை. விற்றாலும் விற்காவிட்டாலும் கட்ட வேண்டியது. அதை ஈடுகட்டத் தலைமையகம் கடைகளுக்கு அதிக ஒதுக்கீடு தள்ளும். இரண்டாவது, அனுமதி. ஒவ்வொரு படமும், நிறமும், சில சமயம் வாசகமும் உரிமையாளர் ஒப்புதல் இல்லாமல் அச்சுக்குப் போகாது. இரண்டு சுற்றுத் திருத்தம் வந்தால் படம் வெளியாகும் வாரத்துக்குள் சரக்கு வராது, வெளியாகி மூன்று வாரம் கழித்து வரும் சரக்குக்கு மதிப்புப் பாதி. படமே தள்ளிப்போகலாம், 2020இல் கொரோனா நேரத்தில் அதுதான் நடந்தது. மூன்றாவது, ஒப்பந்தம் முடிந்த பின் மிச்சத்தை விற்க எத்தனை நாள் அவகாசம் என்ற வரி. அந்த வரி இல்லாவிட்டால் மறுநாளே எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியதுதான், விலை குறைத்தும் விற்க முடியாது.

உண்மையில் பலன் இருந்ததா என்று அளப்பது எப்படி? சரியான முறை, ஒரே மாதிரியான இருபது கடைகளில் ஆஃபர் போட்டு, இன்னொரு இருபதில் போடாமல் விடுவது. முன் இரண்டு வாரம், ஆஃபர் காலம், பின் நான்கு வாரம் மூன்றையும் ஒப்பிடுவது. பின் நான்கு வாரத்தை விட்டுவிட்டால் முன்கூட்டியே வாங்கிக் குவித்ததெல்லாம் லாபமாகத் தெரியும். நடைமுறையில் நாடு முழுக்க ஒரே நாளில் ஆஃபர் தொடங்குவதால் ஆஃபர் இல்லாத கடை என்றே ஒன்று கிடைக்காது. அப்போது இரண்டாம் தரமான ஒரு வழி இருக்கிறது: இலவசப் பொருள் முதல் இரண்டு நாளில் தீர்ந்த கடைகளையும் கடைசி வரை இருந்த கடைகளையும் ஒப்பிடலாம். ஆனால் சீக்கிரம் தீர்ந்தவை இயல்பிலேயே கூட்டம் அதிகமுள்ள கடைகள் என்பதால், ஒவ்வொன்றையும் அதன் சொந்தப் பழைய வாரங்களோடு ஒப்பிட்ட பிறகே பக்கத்துக் கடையோடு வைக்க வேண்டும். பானம் என்றால் வெப்பநிலையையும் சேர்த்துப் பாருங்கள். ஜூலையில் போட்ட ஐஸ் பான ஆஃபரின் ‘வெற்றி’யில் பாதி வெயிலுடையது.

கடையை நடத்துகிறவர் ஆஃபர் சுற்றறிக்கை வந்ததும் தலைமையகத்திடம் கேட்க வேண்டியவை: இலவசப் பொருளின் செலவு யாருடையது, மிச்சத்தைத் திருப்பி எடுப்பீர்களா, ஒதுக்கீடு கட்டாயமா நானே தீர்மானிக்கலாமா, ஒருவருக்கு எத்தனை என்ற வரம்பை எல்லாக் கிளையும் ஒரே மாதிரி வைக்குமா. கடைசிக் கேள்வி சின்னதாகத் தெரியும். ஒரு கிளை வரம்பு வைத்து, பக்கத்துக் கிளை வைக்காவிட்டால், வரம்பு வைத்தவர்தான் திட்டு வாங்குவார், மறுவிற்பனைக்காரர் பக்கத்துக் கடையில் அள்ளிக்கொண்டு போவார்.

எத்தனை எடுப்பது என்பதில் அனுபவசாலிகள் ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார்கள்: முதல் ஆர்டரை, அதே மாதிரியான முந்தைய ஆஃபரில் முதல் மூன்று நாளில் விற்றதற்கு மேல் எடுப்பதில்லை. டை-அப் பொருளின் விற்பனை முதல் வாரயிறுதியிலேயே பெரும்பகுதி முடிந்துவிடும், பிறகு சரசரவென்று இறங்கும். முதல் நாள் மாலை காலியான ரேக்கைப் பார்த்துப் பதற்றத்தில் போடும் இரண்டாவது ஆர்டர் வந்து இறங்குவது பெரும்பாலும் அந்த இறக்கத்தில்தான்.